கறுப்புப் புடவையும் கண் சிமிட்டிய படங்களும்

சேகர், கேமராப் பையைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படி. டப்பாவில் இருக்கும் தட்டையைத் தின்றுகொண்டே படிக்கலாம், அந்தக் கையோடு கேமராவை மட்டும் தொடாதே. நீ எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுகிறவன். சின்ன வயதில் தொடர்கதையைக்கூட முடிவைப் படித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாய். இப்போதும் படங்களை முதலில் பார்த்தாயானால், உன் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு நெஞ்சு பதறும். நீ வேலை பார்க்கும் அந்த அணைக்கட்டில் போனும் கிடைக்காமல் யாரைக் கேட்பாய்? அதனால்தான் ஐந்தாவதோடு நின்றுபோன என் கையெழுத்தில் இத்தனை பக்கம் எழுதுகிறேன். வசந்தி கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் பெண்டாட்டி நல்லவள்தான். ஆனால் நான் யாரையெல்லாம் திட்டுகிறேனோ அந்த இடத்தையெல்லாம் நாகரிகமாக எடுத்துவிடுவாள். அப்புறம் கடிதத்தில் நலம், நலமறிய ஆவல் என்பது மட்டும்தான் மிஞ்சும்.

நித்யாவின் வளைகாப்பு நெருங்கியபோது நீ போன் பண்ணினாய். பாதி வார்த்தை காற்றோடு போயிற்று. மலை சரிந்து ரோடு அறுந்துவிட்டது, உள்ளே இருக்கிறவர்கள் யாரும் வெளியே வர முடியாது என்று சொன்னாய். அப்புறம் கேட்டாய், "அம்மா, போட்டோ யாரு எடுக்கப் போறா?" எல்லார் கையிலும்தான் போன் இருக்கிறதே என்றேன். "அவாள்லாம் அவாவா மூஞ்சியத்தான் எடுத்துப்பா. ஆத்துல என்னோட பெரிய கேமரா இருக்கோல்லியோ, அதுல நீ எடு. நான் அங்க இருந்தா எதைப் பார்ப்பேனோ, அதை எடு. எனக்கு அது போதும்." இவ்வளவுதான் நீ சொன்னது. எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, கை லேசாக நடுங்குகிறது என்றெல்லாம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ ஐம்பது வயதில் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாய். பூணூலுக்கு அப்புறம் நீ வாய்விட்டு எதையும் கேட்டதில்லை.

நீ எதைப் பார்ப்பாய் என்பது எனக்குத் தெரியும். கல்யாண வீட்டுக்குப் போனால் நீ மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க மாட்டாய். வாசலில் கிடக்கும் செருப்புக் கும்பலைப் பார்ப்பாய், ஒரு ஓரத்தில் தூங்குகிற கிழவரைப் பார்ப்பாய். அதனால் லோதி ரோடு வீட்டு மாடிப்படியில் வழிந்த செருப்புகளை முதலில் எடுத்தேன். நித்யாவின் பின்கழுத்தில் பூ பாரம் தாங்காமல் சரிந்து தொங்கியதை எடுத்தேன். நலுங்குப் பாட்டு நீண்டுகொண்டே போனபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விட்டாள், அதையும் எடுத்தேன். அவள் பாதம் கொஞ்சம் வீங்கியிருந்தது, மெட்டியைத் தளர்த்திவிட்டிருந்தாள். எடுக்கலாமா கூடாதா என்று யோசித்து, நீ இருந்தால் குனிந்து பார்த்திருப்பாய் என்று அதையும் எடுத்தேன். மசக்கைக்குக் கறுப்புப் புடவை கொடுப்பது நம் வழக்கம் இல்லையா, நல்ல காரியத்துக்கு நம் வீட்டில் கறுப்பு நுழைவது அந்த ஒரு நாள்தான். வசந்தி டெல்லி வெயிலில் கரோல் பாக்கில் கடை கடையாக ஏறி இறங்கி, சிவப்புக் கரை போட்ட நல்ல அட்டக்கறுப்பாக வாங்கி வந்திருந்தாள். அதைக் கட்டிக்கொண்டு உன் பெண் உட்கார்ந்திருந்த அழகை நான் எழுதிக் காட்ட முடியாது. அதற்குத்தான் கேமரா.

கேமரா விஷயத்தில் நீ எனக்கு என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. அருணாசலப் பிரதேசத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் பால்கனியில் உட்கார்ந்து, எதிர்த்தாற்போல் இருக்கும் இலவ மரத்தை, இலையே இல்லாமல் ஒரே சிவப்புப் பூவாக நின்றதை, ஒரு படம் எடுத்துக் காட்டினாய். இதை அமுக்கினால் படம் விழும், இதை அமுக்கினால் விழுந்த படம் தெரியும், மற்ற எதையும் தொடாதே என்றாய். உன் அப்பா எனக்கு கேஸ் அடுப்பு சொல்லிக் கொடுத்ததும் இதே லட்சணம்தான். 'மற்றதைத் தொடாதே.' அப்புறம் அவர் ஆபீஸுக்குப் போனபின் ஒரு நாள் அது குப்பென்று பிடித்துக்கொண்டபோது, எதைத் தொடக் கூடாது என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது, எதைத் தொட வேண்டும் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஓடி வந்து மூடினாள். உனக்குக் கீழே அங்கே பையன்கள் வேலை பார்க்கிறார்கள் என்றாயே, அவர்களுக்காவது மற்ற பட்டன் எல்லாம் எதற்கு என்று சொல்லிக்கொடு. இதை நான் உன் மேல் வைத்திருக்கும் கோபம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

இனி உன் அத்திம்பேர் கதைக்கு வருகிறேன். நான் வளை போடும் முறை வந்தது. முதலில் வேப்பங்கொழுந்துக் காப்பு, அப்புறம் கண்ணாடி வளை. இரண்டு கையும் வேண்டுமே. கேமராவை எங்கே வைப்பது என்று பார்த்தால், என் நாத்தனார், அதுதான் உன் அத்தை, தன் புருஷனைக் காட்டி, "அவர்கிட்ட குடுங்கோ மன்னி, அவருக்குக் கேமரா பழக்கம்" என்றாள். அவருடைய கேமராப் பழக்கம் எனக்குத் தெரியாதா? ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கொடுத்துவிட்டேன். வளை போட்டுவிட்டுத் திரும்பினால் அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கட்டைவிரலால் எதையோ குத்திக்கொண்டிருந்தார். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

முதல் பந்தி உட்கார்ந்ததும் பால்கனிக்குப் போய்ப் படங்களைப் பார்த்தேன். படம் சுருங்கி ஒரு மூலைக்குப் போயிருந்தது. பக்கத்தில் மலை மாதிரி ஏறி இறங்கும் ஒரு சித்திரம், கீழே ஏதேதோ எண், இங்கிலீஷ் எழுத்து, நடுவில் கோடு போட்ட எண். அதுகூடப் போகட்டும். நித்யாவின் முகம் இருக்கிறதே, அது கறுப்பாகவும் வெளுப்பாகவும் மாறி மாறி மினுக்கிக்கொண்டிருந்தது. நெற்றி, கன்னம், வளை போட்ட கை எல்லாம். புடவை அப்படியே இருக்கிறது, ஆள் மட்டும் இருந்து இருந்து மறைகிறாள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் முகத்தில் அப்படிக் கறுப்பு வந்து வந்து போனால் பார்க்கிறவளுக்கு எப்படி இருக்கும்? அடுத்த படம், அதற்கு அடுத்தது, கொட்டாவிப் படம், எல்லாவற்றிலும் அதுவே. நீ கேட்ட ஒன்றையும் தர முடியாமல் போய்விட்டதே என்று அழுகை வந்தது. அந்த அழுகை பாதியிலேயே கோபமாக மாறிவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

நேரே பந்திக்குப் போனேன். அவர் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கேமராவை என்ன பண்ணினேள்?"

"ஒண்ணும் பண்ணலையே மன்னி. நீங்க வளை போடறதை ஒரு போட்டோ எடுத்தேன். நன்னா விழுந்திருக்கான்னு பார்த்தேன்."

"பார்த்தேளா, அமுக்கினேளா?"

"அமுக்காம எப்படிப் பார்க்கறது?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பந்தியில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"கோல் மார்க்கெட்லயும் இப்படித்தான் சிரிச்சேள்" என்றேன்.

பரிமாறிக்கொண்டிருந்த உன் அத்தை சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். "ஆரம்பிச்சாச்சா, பூணல் போட்டோ! எத்தனை வருஷம் ஆச்சு மன்னி. உங்களுக்கு மட்டும் எப்படித்தான் எல்லாம் ஞாபகம் இருக்கோ."

"எனக்கு ஞாபகம் இருக்கறது தப்பில்லை. உங்காத்துக்காரர் தேதி வெக்காம எடுத்ததுதான் தப்பு."

உனக்கு அப்போது கவனம் பூணூல் மேலும் கையில் விழுந்த ரூபாய் நோட்டு மேலும் இருந்தது, அதனால் சொல்கிறேன். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் உன் பூணூல். அத்திம்பேர் யாரோ வெளிதேசத்திலிருந்து கொண்டுவந்த கேமரா என்று மார்தட்டிக்கொண்டு வந்தார். பிரிண்ட் போட்டு வந்தபோது ஒவ்வொரு படத்திலும் கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி. அதுவும் என்றைக்கோ ஒரு தேதி, நீ பிறப்பதற்கே முந்தின வருஷம். என் அம்மா கும்பகோணத்திலிருந்து ரயிலில் வந்து, படம் எடுக்கக் கூப்பிட்டபோது கூச்சப்பட்டுக்கொண்டு வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த ஆரஞ்சு எண் சரியாக அவள் வாயின் மேல் விழுந்திருந்தது. டெல்லியில் என் அம்மா இருக்கும் படம் அது ஒன்றுதான். அடுத்த தடவை அவள் வரவில்லை, வருவதற்கு அவள் இல்லை. "தேதி இருந்தா நல்லதுதானே மன்னி, பிற்காலத்துல உபயோகப்படும்" என்று அன்றைக்கு இவர் சிரித்தார். படம் கெட்டதைக்கூட விட்டுவிடுவேன். அந்தச் சிரிப்பை என்னால் விட முடியவில்லை.

இத்தனையும் நான் பந்தியில் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அத்திம்பேர் இலையை மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு என்னோடு பால்கனிக்கு வந்தார். நித்யாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். "அரே பாட்டி, டென்ஷன் மத் லோ, கவலைப்படாதே. எல்லாம் டிலீட் பண்ணிடு. நான் அப்படியே உக்காரறேன், திருப்பி எடு." எனக்கும் அது சரி என்றே பட்டது. அழிப்பதற்கு முன்னால் ஒன்று எடுத்துப் பார்ப்போம் என்று அவளை நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தேன். அதிலும் அதே மலை, அதே எண், அதே மினுக்கல். "லென்ஸ்ல தூசியோ?" என்றார் அத்திம்பேர். தூசி எங்கேயாவது இங்கிலீஷில் எழுதுமா?

அந்த நேரத்தில்தான், அழிக்கும் பட்டன் எது என்று நித்யா தேடிக்கொண்டிருக்கும்போது, நான் படங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். செருப்பு, கோலம், அதற்கும் முன்னால் உன் இலவ மரம். அதிலும் மலை. அதிலும் எண். பூவுக்குப் பின்னால் இருந்த வெள்ளை வானம் கறுப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. "நில்லு, எதையும் அழிக்காதே" என்று அவள் கையைப் பிடித்துவிட்டேன். உன் ஞாபகம் வரும்போதெல்லாம் அந்தப் படத்தை நான் எடுத்துப் பார்த்திருக்கிறேன். எந்தக் கிளையில் எந்தப் பக்கம் கிளி உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முந்தின நாள்வரை அதில் ஒரு பொட்டு அழுக்குக் கிடையாது. அதை எடுத்தவன் நீ. எடுத்த அன்று இவர் கரோல் பாக்கில் தன் வீட்டில் இருந்தார். அப்படியென்றால் இந்தக் குப்பை படத்தின் மேல் இல்லை, திரையின் மேல் இருக்கிறது. குளியலறைக் கண்ணாடியில் வசந்தி ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைக்கிறாள். நான் போய் நின்றால் அது என் மூக்கின் மேல் இருக்கிற மாதிரிதான் தெரியும். அதற்காக என் மூக்கையா தேய்ப்பேன்?

"எந்தப் பட்டனை அமுக்கினேள்?" என்று கேட்டேன். இப்போது சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டேன். அவருக்கும் அந்த வித்தியாசம் தெரிந்தது. "இந்த வட்டம் இருக்கே, அதோட மேல் பக்கம். அடுத்த படம் வரும்னு நெனச்சேன் மன்னி, வரலை." அவர் காட்டிய இடத்தை நான் அமுக்கினேன். மலை போயிற்று. இன்னொரு தடவை அமுக்கினேன், எண் போயிற்று. இன்னொரு தடவை. இலவ மரம் திரை முழுக்க, சுத்தமாக, கிளியோடு நின்றது. நித்யா கைதட்டினாள். வளையெல்லாம் சேர்ந்து குலுங்கிய அந்தச் சத்தத்தைத்தான் என்னால் உனக்குப் படம் எடுத்து அனுப்ப முடியவில்லை.

அப்புறம் அவள் போனில் தேடிப் படித்துச் சொன்னாள். வெளிச்சம் அளவுக்கு மீறி விழுந்து ஒன்றுமே பதியாமல் வெளுத்துப்போன இடம் எதுவோ, அந்த இடத்தைத்தான் கேமரா மினுக்கிக் காட்டுமாம். மலைச் சித்திரம் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்பதற்கான கணக்காம். அப்படியானால் நித்யா முகம் ஏன் மினுக்கியது? கறுப்புப் புடவையால். படத்தில் பாதி கறுப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ஐயோ இருட்டாக இருக்கிறதே என்று கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. புடவை நன்றாகத் தெரிகிறது, முகம் வெளுத்துவிட்டது. வசந்தியைப் போலவே அதற்கும் பரோபகாரம் அதிகம். அவள் படித்துச் சொன்னபடி, கேமராவின் தலையில் இருக்கும் சக்கரத்தைப் பச்சைக் குறியிலிருந்து பக்கத்து எழுத்துக்குத் திருப்பி, வெளிச்சத்தைக் குறைக்கிற பக்கம் ஒரு படி தள்ளி மறுபடி எடுத்தோம். முகம் அதன் நிறத்துக்கு வந்துவிட்டது, வளையில் பச்சை பச்சையாகவும் சிவப்பு சிவப்பாகவும் தெரிந்தது.

ஆகவே சேகர், நான் முதலில் சொல்ல வந்தது இதுதான். முதலில் வரும் படங்களில் உன் பெண் சுண்ணாம்பு பூசின மாதிரி இருப்பாள். ரத்தம் இல்லை, சோகை, என்னிடம் மறைக்கிறார்கள் என்று எதையாவது நினைத்துக்கொண்டு ரோடு இல்லாத மலையில் நடந்து வர ஆரம்பித்துவிடாதே. டாக்டரம்மா ரத்தம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். வேளைக்குச் சாப்பிடுகிறாள். கீரையை மட்டும் வசந்தி பார்க்காதபோது தட்டு ஓரத்தில் ஒதுக்குகிறாள், நான் பார்த்துவிடுகிறேன். கடைசியில் நல்ல நிறத்தோடு இருக்கும் படங்கள் எல்லாம் சடங்கு முடிந்தபின் பால்கனியில் எடுத்தவை. ஆனால் அவை நன்றாக இருக்கின்றன என்று சொல்லி வெளுத்த படங்களை அழித்துவிடாதே. கொட்டாவி அதில்தான் இருக்கிறது. பூ சரிந்தது அதில்தான் இருக்கிறது. பால்கனியில் எனக்காக உட்கார்ந்தாள், சடங்கில் தனக்காக உட்கார்ந்திருந்தாள்.

மினுக்கல் எல்லாம் நின்றபின், "அம்மா, மனுஷாளைப் பார்க்கறதும் ஒரு விதத்துல இப்படித்தான் இல்லையா? நம்ம மனசுல இருக்கறதெல்லாம் அவா மேல..." என்று வசந்தி ஆரம்பித்தாள். எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "அடுத்த பந்திக்குப் பாயசம் அடிப்பிடிக்கிறது, போய்ப் பார்" என்றேன். போய்விட்டாள். அவள் சொன்னது தப்பில்லை. ஆனால் என் அம்மா வாயின் மேல் இருப்பது எந்தப் பட்டனை அமுக்கினாலும் போகாது. அது திரையின் மேல் இல்லை, படத்தின் மேலேயே எரிந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. எது எதன் மேல் இருக்கிறது என்று இந்த வயதிலும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிகிறது.

ஆனாலும் நீதி என்று ஒன்று இருக்கிறதே. அன்றைக்குப் பந்தியில் அவர் மேல் புதிதாக ஏற்றிய குற்றத்தை இறக்கிவிட்டேன். அவர் எடுத்த படத்தையும் பார்த்தேன். நான் குனிந்து நித்யா கையில் காப்பு ஏற்றுகிறேன், அவள் என் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், என் தலையில் அவள் பூவிலிருந்து உதிர்ந்த ஒரு இதழ். நான் இல்லாத காலத்தில் நீங்கள் எந்தப் படத்தை மாட்டுவீர்களோ தெரியாது. இதை மாட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர் பக்கத்தில் நின்று, கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "மன்னி, மூலையில பாருங்கோ. தேதி இல்லை." சிரிக்காமல் சொன்னார். இத்தனை வருஷத்தில் தேதியைப் பற்றி அவர் சிரிக்காமல் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. திரட்டுப்பால் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். "பாதி சாப்பாட்டுல எழுந்துண்டு வந்துட்டேளே" என்றேன். பழைய கணக்கு அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி அவருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் இரண்டு பேரும் ஒரே கிண்ணத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டோம்.

அங்கே ரோடு சரியாகிவிட்டது, ஜீப் போகிறது என்று உன் ஆபீஸ்காரர் சொன்னதால்தான் அவரிடம் கேமராவையே கொடுத்தனுப்புகிறேன். பார்த்துவிட்டு நீயே எடுத்துக்கொண்டு வா. பிரசவத்துக்கு நீ இல்லாவிட்டால், என் ஞாபகத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் படம் எடுத்து அனுப்ப மாட்டேன்.

ஒன்று பாக்கி. பால்கனியில் முதலில் எடுத்த அந்தச் சோதனைப் படம், மினுக்கியதே, அதையும் நான் அழிக்கவில்லை. அதை எடுக்கும்போது நித்யா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க பாருடி, உங்கப்பா பார்க்கறான்னு நெனச்சுக்கோ" என்றேன். சட்டென்று திரும்பினாள். வெளிச்சம் கூடிப்போன படம்தான், கன்னமெல்லாம் வெளுத்திருக்கும். உனக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் சொல்கிறேன். மறுபடி மினுக்கினால் வட்டத்தின் மேல் பக்கத்தை அமுக்கு. எண் போகும், மலை போகும், கறுப்பு போகும். எல்லாம் போனதும் கையை எடுத்துவிடு. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா